தாழ்ந்த வெயிலில் அமேரி பனித்தட்டு: படத்தின் வெளிச்சத்திலிருந்து மேடுபள்ளம் எடுப்பது

1 | தொண்டிக்கரை

அண்டார்டிகாவில் கடலில் மிதக்கும் அமேரி பனித்தட்டு எப்படி மேடும் பள்ளமுமாகக் கிடக்கிறது என்பதை லேண்ட்சாட் 8 செயற்கைக்கோள் படங்களிலிருந்து எடுக்கப் பார்க்கிறேன். பகுதி தெற்கு 70, கிழக்கு 71 டிகிரியை ஒட்டியது. ஒருவகையில் அது நம் எதிர்க்கரைதான். தனுஷ்கோடி முனையிலிருந்து தெற்கே ஒரே கோடாகப் போனால் இலங்கைக்கு மேற்கே விலகி, அண்டார்டிகாவில்தான் தரை தட்டும். அங்கிருந்து மேற்கே சற்றுத் தள்ளி, கிழக்கு 76 டிகிரியில் நம் பாரதி ஆராய்ச்சி நிலையம். அதற்கும் மேற்கே அமேரி.

நாலு இடத்தில் மாட்டிக்கொண்டேன். ஜனவரிப் படத்தில் மேகமே இல்லை, ஆனாலும் வெள்ளைத் தாளைப் பார்ப்பது போல இருக்கிறது. செப்டம்பர் கடைசியில் எடுத்த படத்தில் பனி ஓடிய வரிகள் நன்றாகத் தெரிகின்றன, ஆனால் மேடாக இருக்க வேண்டியது வாய்க்கால் போலத் தெரிகிறது. வெளிச்சத்தைச் சாய்வாக மாற்றினால், விண்ணிலிருந்து லேசரால் உயரம் அளக்கும் ஐஸ்சாட்-2 காட்டும் சாய்வில் 60 சதவீதம்தான் வருகிறது. கடைசியாக, சாய்வைப் பிக்சல் பிக்சலாகக் கூட்டி உயரமாக்கினால் படம் முழுக்கப் பாய் விரித்தது போல் கோடு கோடாக விழுகிறது.

ஒவ்வொன்றும் எங்கே தப்பு என்று சொல்லுங்கள்.

2 | கீழக்கரை காக்கா

தங்கச்சி, முதல் கேள்விக்கு முதலில் வர்றேன். பூச்சு வேலை முடிஞ்சதும் கொத்தனார் விளக்கைச் சுவருக்கு நேரே பிடிக்க மாட்டார். சுவரை உரசுற மாதிரி ஓரமாப் பிடிப்பார். அப்போதான் கரணை போன தடம்கூடத் தெரியும். அரியமான் கடற்கரையில காலை ஏழு மணிக்குத் தெரியுற மணல் வரி நடுப்பகல்ல காணாமப் போறதும் இதனாலதான். மணல் அதே மணல், வெயில் ஏறிடுச்சு.

கணக்கு ரொம்பச் சின்னது. பனி எல்லாத் திசைக்கும் ஒரே மாதிரி ஒளியைச் சிதறுதுன்னு வச்சுக்குவோம். அப்போ வெளிச்சம் சூரியனோட உயரக் கோணத்தின் சைனுக்கு ஏத்தபடி இருக்கும். தரை சூரியனைப் பார்த்துக் கொஞ்சம் சாய்ஞ்சா அந்தக் கோணம் அவ்வளவு கூடும். சாய்வு சின்னதுன்னா, வெளிச்சம் மாறுற விகிதம் = சாய்வு × உயரக் கோணத்தின் கோடாஞ்சன்ட்.

இப்போ எண் போடுங்க. கி.மீ.க்கு 1 மீ. சாய்வு, அதாவது 0.001. சூரியன் 10 டிகிரியில இருந்தா கோடாஞ்சன்ட் 5.67, வெளிச்சம் 0.57 சதவீதம் மாறும். உங்க ஜனவரிப் படத்துல சூரியன் 33 டிகிரிக்குப் பக்கத்துல இருந்திருக்கும். அங்கே கோடாஞ்சன்ட் 1.54, மாற்றம் 0.15 சதவீதம். பனித்தட்டோட சாய்வெல்லாம் பெரும்பாலும் இந்த அளவுதான். அதான் வெள்ளைத் தாள்.

அமேரிக்கு செப்டம்பர் 10 முதல் அக்டோபர் முதல் வாரம் வரைக்கும், திரும்ப மார்ச் மாசமும் பாருங்க. லேண்ட்சாட் பூமத்திய ரேகையைக் காலை 10 மணி சுமாருக்குக் கடக்கும்னு படிச்சிருப்பீங்க. தெற்கே இறங்க இறங்க அது மேற்கே விலகிப் போறதால 70 டிகிரியில உள்ளூர் சூரிய நேரம் 8.40 மாதிரி ஆயிடும். செப்டம்பர் 10 வாக்குல சூரியன் 8 டிகிரி, செப்டம்பர் 25 வாக்குல 13 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே. இந்த இடைவெளிதான் நமக்கு வேணும்.

இன்னும் தாழ்ந்தா இன்னும் நல்லதுன்னு நினைச்சுடாதீங்க. 6, 7 டிகிரிக்குக் கீழே காற்று செதுக்குன சின்னச் சின்ன வரப்பெல்லாம் நிழல் விழுத்தி வெளிச்சத்தைத் தின்னுடும். ஒளி காற்றுமண்டலத்துக்குள்ள வர்ற தூரமும் நீளும், வானத்துல சிதறி எல்லாப் பக்கமும் வர்ற வெளிச்சத்தோட பங்கு கூடிடும். அந்த வெளிச்சத்துக்குத் திசை கிடையாது, சாய்வைப் பத்தி எதுவும் சொல்லாது.

பழைய லேண்ட்சாட் 7 படத்தை இந்த வேலைக்கு எடுக்காதீங்க. அது 8 பிட், வெளிச்சத்தை 256 படியாத்தான் பிரிக்கும். பனியோட மதிப்பு 100னு வந்தா 0.57 சதவீதம்ங்கிறது ஒரு எண்ணுக்கும் குறைவு, பதிவாகவே ஆகாது. லேண்ட்சாட் 8 பன்னிரண்டு பிட், 2021ல ஏவுன லேண்ட்சாட் 9 பதினாலு பிட் அனுப்புது. ரெண்டும் இருந்தா 9ஐ எடுங்க.

3 | தொண்டிக்கரை

நன்றி காக்கா. மேடு பள்ளமாகத் தெரிவதும் கோணத்தால்தானா?

4 | கீழக்கரை காக்கா

அது உங்க கண்ணால. வெளிச்சம் மேலேயிருந்து, அதுலயும் இடப்பக்கம் மேலேயிருந்து வருதுன்னு கண் தானா எடுத்துக்கும். கீழேயிருந்து வந்தா மேட்டைப் பள்ளமாகவே காட்டும்.

உங்க படம் துருவத்தை நடுவுல வச்சு வரையுற துருவ வீழ்ப்புல இருக்கு, அதோட குறியீடு ஈபிஎஸ்ஜி 3031. அதுல கிழக்கு 0 டிகிரி மேலே, 90 டிகிரி வலப்பக்கம். அமேரி 71ல இருக்கிறதால அங்கே வடக்குங்கிறது படத்தோட மேல்பக்கம் இல்லை, கிட்டத்தட்ட வலப்பக்கம். படத்தோட வர்ற எம்டிஎல்ங்கிற விவரக் கோப்புல சூரியத் திசைன்னு ஒரு எண் இருக்கும். அது உண்மையான வடக்கிலிருந்து அளந்தது. செப்டம்பர் கடைசியில 52க்குப் பக்கத்துல இருக்கும். அதோட தீர்க்கரேகையைக் கூட்டுங்க: 52 + 71 = 123. படத்தோட மேல்பக்கத்திலிருந்து வலச்சுற்றா 123 டிகிரி. அப்படின்னா வெளிச்சம் வலப்பக்கம் கீழேயிருந்து வருது. படத்தை 180 டிகிரி திருப்பிப் பாருங்க, மேடு மேடாகத் தெரியும்.

கண்ணுக்குத் தெரியுறதை விடுங்க, கணக்குலதான் இது பெரிய தப்பாகும். 52ஐ அப்படியே படத்துல போட்டா சாய்வை 71 டிகிரி தள்ளி வேற திசையில எடுத்துக்கிட்டு இருப்பீங்க. முடிவு பார்க்க அழகாத்தான் இருக்கும், உயரம் மட்டும் எதோடயும் ஒத்துப்போகாது. கிரீன்லாந்துல செய்யும்போது 3413 வீழ்ப்புல கூட்டல் கிடையாது, கழித்தல்: சூரியத் திசையிலிருந்து (தீர்க்கரேகை + 45). மேற்குத் தீர்க்கரேகைக்குக் கழித்தல் குறி போட மறக்காதீங்க.

5 | மண்டபம் கொண்டல்

மூன்றாவது கேள்விக்கு ஒரு சந்தேகம். 60 சதவீதம் என்ற எண்ணைப் பார்த்ததும் தோன்றியது. படத்தின் மூல எண்ணை அப்படியே வகுத்தீர்களா, எதிரொளிப்பாக (விழுந்த ஒளியில் திரும்பி வரும் பங்காக) மாற்றிய பிறகு வகுத்தீர்களா?

6 | தொண்டிக்கரை

மூல எண்ணைத்தான் அண்ணே. விகிதம்தானே வேண்டும், அலகு எதற்கு என்று நினைத்தேன்.

7 | மண்டபம் கொண்டல்

அங்கேதான் தப்பு. லேண்ட்சாட் 8 மூல எண்ணை எதிரொளிப்பாக்க 0.00002ஆல் பெருக்கி 0.1ஐக் கழிக்க வேண்டும். அந்த 0.1 என்பது மூல எண்ணில் 5000. அதாவது வெளிச்சமே இல்லாத இடத்திலும் 5000 இருக்கும். சூரியன் 10 டிகிரியில் இருக்கும்போது புதுப்பனியின் மூல எண் சுமார் 12,800 வரும். உண்மையான வெளிச்சம் அதில் 7800 மட்டும். கி.மீ.க்கு 1 மீ. சாய்வு தரும் மாற்றம் 44. 44ஐ 7800ஆல் வகுத்தால் 0.57 சதவீதம், 12,800ஆல் வகுத்தால் 0.34. அந்த இரண்டுக்கும் உள்ள விகிதம்தான் உங்கள் 60 சதவீதம்.

இதோடு இன்னொன்றையும் சேர்த்துச் செய்யுங்கள். ஒரு காட்சி 185 கி.மீ. அகலம், அதற்குள்ளேயே சூரிய உயரம் ஒரு டிகிரிக்கு மேல் மாறும். ஒரு டிகிரி என்பது 0.0175, அதாவது கி.மீ.க்கு பதினேழரை மீட்டர் பொய்ச் சாய்வு. படம் முழுவதையும் நடுப்புள்ளியின் கோணத்தால் வகுத்தால் பனித்தட்டே ஒரு பக்கம் சரிந்தது போல வரும். ஒவ்வொரு பிக்சலுக்கும் சூரிய உச்சிக் கோணம் தரும் தனிப் பட்டை படத்தோடு வருகிறது. அதில் எண்கள் டிகிரியில் நூறில் ஒரு பங்காக இருக்கும், 100ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். 90லிருந்து கழித்து, அதன் சைனால் எதிரொளிப்பை வகுங்கள்.

8 | தேவிபட்டினம்

எனக்கு அடிப்படையிலேயே ஒரு கேள்வி. ரெமா இருக்கிறது. அண்டார்டிகா முழுவதற்கும் உயர மாதிரி, முதலில் 2018இல் 8 மீ. கட்டத்தில் வந்தது, இப்போது 2 மீ. கட்டத்திலும் இலவசமாகக் கிடைக்கிறது. வேர்ல்ட்வியூ, ஜியோஐ செயற்கைக்கோள்களின் இரட்டைப் படங்களிலிருந்து எடுத்தது. பெரும்பாலான இடத்தில் பிழை ஒரு மீட்டருக்குள். அதை இறக்கி விரித்தால் போதும். ஒரு படத்தின் வெளிச்சத்தை நம்பி உயரம் எடுப்பது ஐஸ்சாட்டும் ரெமாவும் இல்லாத காலத்து வழி. இன்றைக்கு அதைப் படிப்பவர் ஏன் மெனக்கெட வேண்டும்?

9 | மண்டபம் கொண்டல்

நியாயமான கேள்வி. ஆனால் ரெமாவின் பலவீனமும் இந்த முறையின் பலமும் ஒரே இடத்தில் இருக்கின்றன.

ரெமா இரண்டு படங்களில் ஒரே புள்ளியைத் தேடிப் பொருத்தி உயரம் எடுக்கிறது. பொருத்துவதற்கு அங்கே ஏதாவது அடையாளம் வேண்டும். பிளவு, பாறை, செதுக்கிய பனி எதுவானாலும் சரி. புதுப்பனி மூடி வழவழவென்று கிடக்கும் இடத்தில் பொருத்தம் தவறி ஓட்டை விழும், இல்லாவிட்டால் சிலும்பல், அதாவது தாறுமாறான சின்னப் பிழை, வரும். வெளிச்ச முறைக்கு அந்த வழவழப்புத்தான் வேண்டும். ஒரே நிறமாக, ஒரே மாதிரியாகப் பனி கிடந்தால்தான் வெளிச்ச மாற்றத்துக்குச் சாய்வைத் தவிர வேறு காரணம் இருக்காது.

இரண்டாவது, தேதி. ரெமாவின் ஒட்டுப்படம் பல ஆண்டுகளின் பட்டைகளை ஒட்டியது. வடிவம் மாறுகிறதா என்று பார்ப்பவர் ஒட்டுப்படத்தைத் தொடக்கூடாது, தேதியிட்ட தனிப் பட்டைகளை எடுக்க வேண்டும். அமேரியிலேயே இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. 2019 ஜூனில், அங்கே நடுக்குளிர்காலத்தில், தெற்கு அமேரியில் பனி மூடிக்குக் கீழே கிடந்த ஓர் ஏரி அப்படியே வடிந்து போனது. சுமார் 1400 மீ. தடிமனான பனி. 60 முதல் 75 கோடி கன மீட்டர் தண்ணீர் கடலுக்குள் இறங்கியது. மூடி இடிந்து 11 சதுர கி.மீ. பள்ளமானது. பாரம் போனதும் சுற்றியிருந்த பனி மேலெழுந்தது. லேண்ட்சாட் படங்கள், தேதியிட்ட ரெமா பட்டைகள், ஐஸ்சாட்-2 கோடுகள் மூன்றையும் சேர்த்து வைத்துத்தான் அதைக் கணக்கிட்டார்கள். ஒட்டுப்படம் மட்டும் கையில் இருந்தால் இப்படியொரு மாற்றம் நடந்ததே தெரியாது.

நீங்கள் சொல்வதில் ஒன்றை அப்படியே ஏற்கிறேன். நீள அலைக்கு, அதாவது பல கி.மீ. அகலமான பெரிய வளைவுக்கு, வெளிச்சத்தை நம்பக்கூடாது. அதை ரெமாவிலிருந்தோ லேசரிலிருந்தோதான் எடுக்க வேண்டும். குட்டை அலைதான் படத்தின் பங்கு.

10 | தேவிபட்டினம்

அப்படிப் பிரித்துக்கொண்டால் ஒப்புக்கொள்கிறேன். 1998இல் ஸ்காம்போஸ், பானெஸ்டாக் என்ற பனி ஆய்வாளர்கள் ஏவிஹெச்ஆர்ஆர் என்ற வானிலைச் செயற்கைக்கோள் உணரியின் படங்களை வைத்துச் செய்ததும் அதுவே: உயரமானி தந்த முரட்டு மாதிரியின் மேல் படத்தின் நுட்பத்தை ஏற்றினார்கள். என் மறுப்பு, படத்தை மட்டும் வைத்து முழு உயரமும் எடுப்பதற்கு.

11 | பாம்பன் வாடை

"ஒரே நிறமாகப் பனி கிடந்தால்" என்று கொண்டல் அண்ணன் போகிற போக்கில் சொன்னதுதான் இந்த வேலையின் பாதி. அமேரி அப்படிக் கிடக்காது.

முதல் எதிரி நீலப்பனி. காற்று மேல்பனியை வாரிக்கொண்டு போன இடத்தில் அடிப்பனி வெளிப்படும். அது புதுப்பனியைவிட மிகவும் இருண்டது. கணக்கு அதைச் சூரியனுக்கு எதிர்ப்புறம் சரிந்த செங்குத்துச் சரிவு என்று எடுத்துக்கொள்ளும். தெற்கு அமேரியில் இது நிறைய. எதிரொளிப்பு ஒரு வரம்புக்குக் கீழே போகும் பிக்சலையெல்லாம் முதலிலேயே மறைத்துவிடுங்கள். கோடையில் உருகிய நீர்க்குட்டையும் அதன் உறைந்த மூடியும் அதே கணக்கில் போகும்.

இரண்டாவது, பனித்துகளின் அளவு. துகள் பெருத்தால் பனி இருளும். ஆனால் இது அண்மை அகச்சிவப்பில்தான் அதிகம், கண்ணுக்குத் தெரியும் ஒளியில் மிகக் குறைவு. ஆகவே 15 மீ. பிக்சல் உள்ள கருப்பு-வெள்ளைப் பட்டையையோ 30 மீ. சிவப்புப் பட்டையையோ எடுங்கள். அகச்சிவப்புப் பட்டையில் படம் இன்னும் எடுப்பாகத் தெரிகிறதே என்று அந்தப் பக்கம் போக வேண்டாம். அந்த எடுப்பில் பாதி துகளுடையது.

மூன்றாவது, காற்று செதுக்கிய வரப்புகள். சாஸ்துருகி என்பார்கள். கண்டத்தின் உள்ளிருந்து சரிவைப் பிடித்து இறங்கி வரும் காற்று ஆண்டு முழுக்க ஏறக்குறைய ஒரே திசை. நம் கரையில் வாடையும் கச்சானும் சோழகமும் முறை வைத்து மாறி அடிப்பதால் தனுஷ்கோடி மணல் வரி பருவத்துக்குப் பருவம் திசை மாறும். அங்கே அப்படி மாறாது. வரப்புகள் ஒரே திசையில் அடுக்கி நிற்கும். சூரியன் அவற்றுக்குக் குறுக்கே வந்தால் பரப்பு இருண்டும், நெடுக்கே வந்தால் வெளுத்தும் தெரியும். சாய்வு ஒன்றுதான், வெளிச்சம் வேறு.

இது எவ்வளவு தூரம் ஏமாற்றும் என்பதற்குக் கிழக்கு அண்டார்டிகாவின் பெருமேடுகளைப் பாருங்கள். மேட்டுக்கு மேடு 2 முதல் 5 கி.மீ., உயரம் 2 முதல் 8 மீ. மட்டும். தரையில் நின்றால் மேடு என்றே தெரியாது. விண்ணிலிருந்து எடுத்த படத்தில் வயல் வரப்பு போலத் துலக்கமாகத் தெரியும். ஆனால் அந்தத் துலக்கம் முழுவதும் சாய்வால் வந்ததல்ல. காற்று மோதும் பக்கத்தில் பனி படிந்து வரப்பு வரப்பாக இருக்கும், மறுபக்கம் பளபளவென்று மெருகேறிக் கிடக்கும். இரண்டும் வேறு வெளிச்சம் தரும். இன்னொரு விஷயம், தனுஷ்கோடி மணல்மேடு காற்று போகும் பக்கமாக நகரும், அந்தப் பனிமேடு காற்றுக்கு எதிராக நகரும். படிவது காற்று மோதும் பக்கத்தில் என்பதால்.

சாய்வா, பரப்பின் தன்மையா என்று பிரிக்க ஒரு சோதனை இருக்கிறது. சூரியத் திசை வேறாக உள்ள இரண்டு படங்கள் எடுங்கள். 70 டிகிரியில் லேண்ட்சாட்டின் அடுத்தடுத்த பாதைகள் நன்றாக மேற்பொருந்துவதால் சில டிகிரி வேறுபாடு எளிதாகக் கிடைக்கும். பெரிய வேறுபாடு வேண்டுமென்றால் மோடிஸ் என்ற செயற்கைக்கோள் உணரி. ஒரே நாளில் பல முறை கடக்கும், பிக்சல் 250 மீ. என்றாலும் சோதனைக்குப் போதும். வெளிச்சம் திசைக்கேற்ப மாறினால் அது சாய்வு. சூரியன் எங்கே போனாலும் ஓரிடம் இருண்டே இருந்தால் அது பரப்பின் தன்மை, அதை மறையுங்கள்.

மேகத்தைப் பற்றி ஒரு வரி: 1.6 மைக்ரான் பட்டையில் பனி கறுப்பாகவும் நீர்மேகம் வெளுப்பாகவும் தெரியும். மெல்லிய பனிப்படிக மேகம் இதில் தப்பிவிடும், அதன் நிழலைக் கண்ணால் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

12 | தொண்டிக்கரை

நீலப்பனியை மறைத்து, 5000ஐக் கழித்து, சூரியக் கோணத்தைப் பிக்சல்வாரியாகப் போட்டுப் பார்த்தேன். இப்போது ஐஸ்சாட்-2 சாய்வோடு ஒட்டிப் போகிறது, ஆனால் இன்னும் கொஞ்சம் குறைவு. புள்ளிகளும் அங்குமிங்கும் சிதறுகின்றன. ஐஸ்சாட்-2இன் உயரத் தரவான ஏடிஎல்06 கோப்பில், லேசர் போன கோட்டு வழியே உள்ள சாய்வைத்தான் ஒப்பிட்டேன்.

தேவிபட்டினம் அண்ணே, நம் சரல் தரவையும் சேர்க்கலாமா?

13 | மண்டபம் கொண்டல்

சரலை முதலில் முடித்துவிடுகிறேன். 2013 பிப்ரவரி 25 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன இந்திய-பிரெஞ்சு செயற்கைக்கோள். அதன் ஆல்டிகா ரேடார் உயரமானி 35.75 கிகாஹெர்ட்ஸில் இயங்கியதால் மற்ற ரேடார் உயரமானிகளைவிடப் பனிக்குள் குறைவாகவே ஊடுருவியது. அது நல்ல குணம். ஆனால் ரேடார் நேர் கீழே உள்ள புள்ளியின் உயரத்தைத் தராது, தனக்கு மிக அருகே உள்ள புள்ளியின் உயரத்தைத் தரும். 800 கி.மீ. உயரத்திலிருந்து பார்க்கும்போது தரைச்சாய்வு 0.001 என்றால் அந்தப் புள்ளி 800 மீ. தள்ளி இருக்கும், உயரப் பிழை 0.4 மீ. சாய்வு 0.01 ஆனால் 8 கி.மீ. தள்ளிப் போகும், பிழை 40 மீ. பெரிய வளைவுக்குப் பயன்படும். வெளிச்சத்தை அளவுதிருத்த லேசர்தான் சரி.

இனி ஐஸ்சாட்-2. அது போகும் கோடு அமேரியில் வடக்கு-தெற்கிலிருந்து சுமார் 7 டிகிரிதான் விலகும். உங்கள் சூரியத் திசை 52. நீங்கள் கோட்டு வழிச் சாய்வை எடுத்துச் சூரியத் திசைச் சாய்வோடு ஒப்பிட்டிருக்கிறீர்கள். இரண்டும் 45 அல்லது 59 டிகிரி விலகிய வேறு வேறு எண்கள், புள்ளி சிதறாமல் என்ன செய்யும்? லேசர் ஆறு கற்றை, மூன்று இணை. ஓர் இணைக்குள் இரண்டு கற்றைக்கும் 90 மீ. இடைவெளி வைத்ததே குறுக்குச் சாய்வை எடுக்கத்தான். ஏடிஎல்06இல் கோட்டு வழிச் சாய்வு, குறுக்குச் சாய்வு இரண்டும் இருக்கின்றன. முதலாவதைக் கோண வேறுபாட்டின் கோசைனாலும் இரண்டாவதை அதன் சைனாலும் பெருக்கிக் கூட்டுங்கள். அதுதான் சூரியத் திசைச் சாய்வு. குறுக்குச் சாய்வின் குறி எந்தப் பக்கம் நேர் என்று பயனர் கையேட்டில் பார்த்துவிட்டுப் போடுங்கள். குறி மாறினால் சிதறல் இன்னும் மோசமாகும்.

தரக் குறி 0 உள்ள துண்டுகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். துண்டு ஒவ்வொன்றும் 40 மீ. நீளம், 20 மீ.க்கு ஒன்று. படத்தையும் லேசரையும் 120 மீ. அளவுக்குச் சராசரியாக்கிய பிறகு ஒப்பிடுங்கள், சாஸ்துருகியின் இரைச்சல் அடங்கும். மெல்லிய மேகமோ பறக்கும் பனியோ இருந்த நாளில் ஒளி சிதறிச் சுற்றி வருவதால் தரை தாழ்ந்தது போலக் காட்டும். அந்த நாள் கோட்டை முழுவதுமாக விட்டுவிடுவதே நல்லது.

படத்தின் தேதியும் லேசரின் தேதியும் ஒரு மாதத்துக்குள் இருக்கட்டும், அப்படியும் நகர்வைச் சரிசெய்ய வேண்டும். அமேரியின் முகப்பருகே பனி ஆண்டுக்கு 1 கி.மீ.க்கு மேல் ஓடுகிறது. 16 நாளில் 44 மீ., உங்கள் பிக்சலில் மூன்று. இட்ஸ் லைவ் என்ற தரவுத் தொகுப்பின் பனி வேகப் படத்தை எடுத்து லேசர் புள்ளிகளைப் படத்தின் தேதிக்கு நகர்த்துங்கள்.

எல்லாம் செய்த பிறகும் படச் சாய்வு லேசர் சாய்வைவிடக் குறைவாகவே வரும். முன்பு காக்கா சொன்ன திசையில்லா வான வெளிச்சம் அதற்கு முதல் காரணம். பனி எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி சிதறாது, தாழ்ந்த வெயிலில் முன்பக்கமாக அதிகம் சிதறும் என்பது அடுத்தது. பின்னடைவுக் கோடு (புள்ளிகளுக்கு நடுவே பொருந்தும் நேர்கோடு) போட்டு ஒரு பெருக்கு எண் எடுத்து, அந்தப் படத்துக்கு மட்டும் பயன்படுத்துங்கள். ஒரு படத்தின் எண்ணை அடுத்த படத்துக்குக் கொண்டு போகக்கூடாது.

உயரத்தில் இரண்டு எச்சரிக்கை. அமேரி மிதக்கிறது. பாக் நீரிணையில் ஓதம் ஒரு மீட்டரைத் தொடுவதில்லை, அங்கே பனித்தட்டையே ஒரு மீட்டர் அளவுக்குத் தூக்கி இறக்கும். ஏடிஎல்06 உயரத்தில் கடல் ஓதம் கழிக்கப்படவில்லை. காட்ஸ்2008 ஓத மாதிரியைக் கொண்டு கழியுங்கள், தரையைத் தொட்டிருக்கும் பகுதியில் கழிக்காதீர்கள். அடுத்தது, லேசரும் ரெமாவும் பூமிக்குக் கணக்கில் வைத்த நீள்வட்டத்திலிருந்து உயரம் சொல்கின்றன, கடல் மட்டத்திலிருந்து அல்ல. இது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று நம் கரையில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஈர்ப்பு வகுக்கும் கடல் மட்டத்தை ஜியாய்டு என்பார்கள். இலங்கைக்குத் தெற்கே உலகிலேயே ஆழமான ஜியாய்டுப் பள்ளம், மைனஸ் 106 மீ. அதன் விளிம்பில் நாம் இருப்பதால்தான் ராமேசுவரம் கடற்கரையில் ஜிபிஎஸ்ஸின் நீள்வட்ட உயரம் மைனஸ் 90 மீ.க்கும் கீழே காட்டுகிறது. மிதக்கும் பனியின் மேல்மட்டத்திலிருந்து தடிமன் கணக்கிடப் போனால் ஜியாய்டைக் கழிக்காமல் தொடங்கவே கூடாது. அங்கே மேலே ஒரு மீட்டர் பிழைக்குத் தடிமனில் எட்டு, ஒன்பது மீட்டர் போகும்.

14 | கீழக்கரை காக்கா

இனி அந்தக் கோடு கோடான பாய்.

சாய்வைச் சூரியத் திசையில வரிசை வரிசையா கூட்டுறீங்க. ஒவ்வொரு வரிசையும் தனித்தனி. பக்கத்து வரிசைக்கும் இதுக்கும் ஒட்டு உறவே கிடையாது, பிழை ரெண்டுலயும் தனித்தனியா வளருது. அதான் வரிசை வரிசையா மேலும் கீழும் போய்ப் பாயாகுது. சூரியத் திசைக்குக் குறுக்கே உள்ள சாய்வை இந்தப் படம் பார்க்கவே இல்லைங்கிறதை மறந்துடாதீங்க. சூரியத் திசையிலேயே நெடுக ஓடுற மேட்டு வரி படத்துல தெரியாமலேயே போகும்.

பிழை எப்படி வளருதுன்னு பாருங்க. சாய்வுல சிலும்பல் 0.0005னு வச்சுக்குங்க, பிக்சல் 15 மீ., 1000 பிக்சல் கூட்டுறீங்க. சிலும்பல் அங்கிட்டும் இங்கிட்டுமா இருக்கிறதால 1000க்கு வர்க்கமூலம் எடுத்தாப் போதும்: 0.0005 × 15 × 31.6, கால் மீட்டருக்குள்ள. பயப்படாதீங்க. ஆனா அதே 0.0005 ஒரே பக்கமா சாய்ஞ்ச பிழைன்னா 15 கி.மீ.ல ஏழரை மீட்டர். உங்க எதிரி இந்த ஒருபக்கப் பிழைதான்.

அது எங்கிருந்து வருதுன்னு கேட்டா, பாதி உணரியிலிருந்து. லேண்ட்சாட் 8 கேமராவுல 14 உணரித் தொகுதி பக்கத்துல பக்கத்துல இருக்கு. ஒவ்வொண்ணும் 13 கி.மீ. அகலம் பார்க்கும். ரெண்டு தொகுதிக்கு நடுவுல வெளிச்சம் 0.5 சதவீதம் மாறினா, 10 டிகிரி வெயில்ல அது கி.மீ.க்கு 0.9 மீ. பொய்ச் சாய்வு. படத்துல செயற்கைக்கோள் போற திசையில நேர்கோடு தெரிஞ்சா அதுதான். கோட்டுக்கு ரெண்டு பக்கமும் 2 கி.மீ. எடுத்து நடு மதிப்பை ஒப்பிட்டு, விகிதத்தால பெருக்கிச் சமமாக்குங்க. கூட்டுறதுக்கு முன்னாடி, படம் இன்னும் திரும்பாம இருக்கும்போதே.

அப்புறம் படத்தைச் சூரியத் திசை கிடைமட்டமா வர்ற மாதிரி திருப்புங்க. 123ஐ 90க்குக் கொண்டு வரணும், 33 டிகிரி. ஜிடால் மென்பொருள்ல திருப்பும்போது அருகிலுள்ள பிக்சல்ங்கிற முறையை விட்டுட்டு க்யூபிக் போடுங்க. அருகிலுள்ள பிக்சல் முறை படிக்கட்டு மாதிரி வெட்டும், கூட்டும்போது ஒவ்வொரு படிக்கட்டும் ஒரு வரப்பாகும்.

கட்டிப் போடுறதுக்குத்தான் லேசர். ஐஸ்சாட்-2க்கு மொத்தம் 1387 தரைக்கோடு, 91 நாளுக்கு ஒரு சுற்று. 70 டிகிரியில கோட்டுக்குக் கோடு சுமார் 10 கி.மீ. ஒவ்வொண்ணுலயும் மூணு இணை, இணைக்கு இணை 3.3 கி.மீ. அப்போ ஏறக்குறைய ஒவ்வொரு 3.3 கி.மீ.க்கும் ஒரு லேசர் கோடு. சூரியத் திசையில சாய்வா குறுக்கே போறதால உங்க வரிசை ஒவ்வொண்ணும் நாலு கி.மீ. சொச்சத்துக்கு ஒரு தடவை லேசரைச் சந்திக்கும். ஒருபக்கப் பிழை அதுக்குள்ள ரெண்டு மீட்டர் சொச்சத்துக்கு மேல வளராது. சந்திக்கிற ரெண்டு புள்ளிக்கும் நடுவுல உள்ள வித்தியாசத்தை நேர்கோடாப் பிரிச்சுக் கழிச்சுடுங்க. மேகத்தால கோடு விட்டுப்போன இடத்துல ரெமாவை வச்சுக்குங்க.

அதுக்கு மேலயும் கோடு தெரிஞ்சா, 5 கி.மீ.க்கு நீளமான அலையைப் படத்திலிருந்து எடுத்துட்டு அந்தப் பங்கை ரெமா, லேசரிலிருந்து போடுங்க. தேவிபட்டினம் தம்பி கேட்ட பங்குபிரிப்பு இங்கேதான் வருது.

15 | தேவிபட்டினம்

ஒன்று சேர்க்கிறேன். பல படங்களைச் சராசரியாக்கிச் சிலும்பலைக் குறைக்கலாம். 2003-2004 கோடையில் 260 மோடிஸ் படங்களை அடுக்கி அண்டார்டிகாவின் 125 மீ. ஒட்டுப்படம் எடுத்ததன் பலம் அதுதான், 250 மீ. பிக்சலுக்குள் இருந்த நுட்பம்கூட வெளியே வந்தது. ஆனால் அமேரியில் நகர்வைத் திருத்தாமல் அடுக்கினால் நுட்பம் கூடாது, மங்கும். சூரிய உயரம் 2 டிகிரிக்குள் ஒத்திருக்கும் படங்களை மட்டும் அடுக்குங்கள்.

16 | தொண்டிக்கரை

தொகுதிக் கோட்டைச் சமப்படுத்தி, லேசரில் கட்டிவிட்டேன். பாய் போய்விட்டது. ஓட்ட வரிகள் 2, 3 மீட்டர் மேடாக வருகின்றன. இது சரியா என்று எதை வைத்துப் பார்ப்பது? கட்டுவதற்கு எல்லா லேசர் கோட்டையும் பயன்படுத்திவிட்டேனே.

17 | மண்டபம் கொண்டல்

கட்டிய கோட்டோடு ஒப்பிட்டால் ஒத்துத்தான் போகும், அது சோதனை ஆகாது. ஒவ்வொரு தரைக்கோட்டிலும் நடு இணையை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, வெளி இணைகள் இரண்டை மட்டும் வைத்து மறுபடி கட்டுங்கள். இடைவெளி இருமடங்காகி 6.6 கி.மீ. ஆகும், அது கடுமையான சோதனைதான். பிறகு நடு இணையில் உங்கள் உயரத்தையும் லேசர் உயரத்தையும் கழித்து, வித்தியாசத்தை நீளவாக்கில் வரைந்து பாருங்கள். சராசரி பூஜ்யத்தை ஒட்டி வருவது மட்டும் போதாது. வித்தியாசம் ஓட்ட வரிகளோடு சேர்ந்தே ஏறி இறங்கினால் பெருக்கு எண் தவறு. வரிகளோடு தொடர்பில்லாமல் மெதுவாக வளைந்தால் ஒருபக்கப் பிழை மிச்சம் இருக்கிறது. குறுகலான கூர்முனைகளாக வந்தால் பிளவுகளையோ நீலப்பனியையோ மறைக்காமல் விட்டிருக்கிறீர்கள்.

18 | பாம்பன் வாடை

மார்ச் மாதப் படம் ஒன்றிலும் இதையே செய்து வையுங்கள், தங்கச்சி. சூரிய உயரம் ஏறக்குறைய அதேதான், ஆனால் கோடையில் உருகி உறைந்த பரப்பு, செப்டம்பர்ப் பனி போல இருக்காது. இரண்டிலும் ஒரே உயரத்தில் வரும் வரியைச் சாய்வு என்று எழுதலாம். மார்ச்சில் மட்டும் தெரிவதைத் தனியாகக் குறித்து வையுங்கள், அது பெரும்பாலும் உறைந்த குட்டையின் ஓரமாக இருக்கும்.